விலக்கும் விருந்தும்

கோலாலம்பூரின் சீனர் கடைவீதியான பெட்டாலிங் ஸ்திரீட்டை ஒட்டி, மெட்ராஸ் லேன் என்று ஊரார் சொல்லும் ஒரு சந்து இருக்கிறது. முன்பு அங்கே இருந்த மெட்ராஸ் தியேட்டர் என்ற சினிமாக் கொட்டகையால் வந்த பெயர். கொட்டகை போன பிறகும் பெயர் போகவில்லை. வழி தெரியாதவர் கண்ணில் எளிதில் படாத இடம். மீனும் கோழியும் கீரையும் விற்கிற சந்தையைக் கடந்து, ஈரத் தரையில் பார்த்துக் கால் வைத்து உள்ளே போனால், நெருக்கியடித்துப் போட்ட மேசைகளும் சில ஒட்டுக்கடைகளும் தென்படும். காலையில் திறந்து பிற்பகலில் மூடிவிடுவார்கள். மதிய நேரத்தில் அலுவலகக்காரர்கள் அங்கே தேடி வருவது கறி மீ என்றும் கறி லக்சா என்றும் அழைக்கப்படும் ஒரு கிண்ணத்துக்காக. கார நீர் விட்டுப் பிசைந்த மஞ்சள் மீ நூடுல்ஸும் அரிசி மீகூனும் வேண்டிய அளவில் கலந்து அடியில் கிடக்கும். மேலே செம்மஞ்சள் எண்ணெய் மிதக்கும் தேங்காய்ப்பால் குழம்பு. குழம்பை உறிஞ்சி உப்பிய பொரித்த தோஃபு. கத்தரிக்காய், பயற்றங்காய், கோழி, அரைவேக்காட்டில் எடுத்த மட்டிச் சதை, கொஞ்சம் புதினா. குழம்பில் மல்லி, சீரகம், சோம்பு, மஞ்சள், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை என்று நம் அஞ்சறைப் பெட்டியே இருக்கிறது. அதோடு எலுமிச்சம்புல்லும் லெங்குவாஸ் கிழங்கும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் சேர்கின்றன. சீனர் கடைகள் சிலவற்றில் பன்றித்தோலும் உண்டு. பினாங்குப் பக்கம் போனால் உறைந்த பன்றி இரத்தத்தைத் துண்டு போட்டு மிதக்க விடுவார்கள்.

இந்தச் சந்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் 1864இல் எழுந்த சின் சே சி யா சீனக் கோயில் இருக்கிறது. 1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில் 1909இல் திறக்கப்பட்ட ஜாமெக் மசூதி இருக்கிறது. மூன்று இடங்களிலும் வழிபட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மதியம் பசிக்கும். முஸ்லிம் இந்தக் கிண்ணத்தைத் தொடமாட்டார். பன்றியும் இரத்தமும் குர்ஆனில் பெயர் சொல்லி விலக்கப்பட்டவை. தைப்பூசத்துக்கு விரதமிருக்கும் முருக பக்தர் தொடமாட்டார். கடுஞ்சைவம் காக்கும் சீனப் பௌத்தரோ கோழிக்காகவும் மட்டிக்காகவும் மட்டுமல்ல, குழம்பில் கரைந்துபோன பூண்டுக்காகவும் சின்ன வெங்காயத்துக்காகவும்கூட விலகிப் போவார். ஆக, பல சமயத்தாரின் கைப்பக்குவம் கூடிப் பிறந்த ஓர் உணவு, அந்த மக்களில் பெரும்பாலோர் உண்ண முடியாத கிண்ணமாக மேசைக்கு வருகிறது. மனிதர் எல்லோரும் ஒருவனின் படைப்பு என்றும், உயிர்கள் எல்லாம் உறவு என்றும் போதிக்கிற சமயங்கள், சோற்றில் மட்டும் ஏன் கோடு கிழித்தன? அந்தக் கோடு மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கிறதா, இல்லையா? சமய ஒழுக்கத்தைப் பற்றிய மிகப் பழைய கேள்விகளில் இது ஒன்று. பலரும் இதைச் சமையல் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவதால் அதற்குச் சரியான பதில் கிடைக்காமலே இருக்கிறது.

சுலபமான பதில்கள் இரண்டு புழக்கத்தில் உண்டு. உணவு எல்லோரையும் ஒன்றாக்குகிறது என்பது சுற்றுலா விளம்பரத்தின் பதில். மலேசியாவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 63.5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 18.7 விழுக்காட்டினர் பௌத்தர்கள், 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், 6.1 விழுக்காட்டினர் இந்துக்கள். நாட்டில் மூன்றில் இருவருக்கு அருகில் உண்ணாத ஒரு கிண்ணத்தைக் காட்டி, இதுவே நம் ஒற்றுமை என்று சொல்வது உண்மையாகாது. விலக்குகள் எல்லாம் மூடப்பழக்கம், அவற்றை விட்டொழித்தால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரலாம் என்பது பகுத்தறிவின் பெயரால் வரும் இன்னொரு பதில். இதுவும் எனக்கு ஏற்புடையதல்ல. எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டு பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் கிடக்கிறது: ஒரே பண்டத்தை உண்டால்தான் உறவு. அந்த எண்ணமே தவறு என்பது என் வாதம். உண்பவர் தம் வாய்க்குப் போட்டுக்கொள்ளும் விலக்கு ஒரு வகை. சமைத்தவர் யார், பக்கத்தில் உட்காருபவர் யார் என்று பார்த்துப் போடும் விலக்கு வேறு வகை. முன்னது சமய ஒழுக்கம். அதில் பிறருக்குக் குறைவு எதுவும் இல்லை. பின்னது மனித அவமதிப்பு. அதற்கு எந்த வேதத்தை மேற்கோள் காட்டினாலும் அது ஒழுக்கமாகிவிடாது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். இரண்டிலும் ஒருவர் “வேண்டாம்” என்றுதான் சொல்கிறார்.

கறி மீ உருவான வரலாறே இதற்கு முதல் சான்று. பினாங்கு 1786இல் பிரிட்டிஷார் கைக்கு வந்தது முதல் மலாயாத் துறைமுகங்களுக்கும் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஈயச் சுரங்கத்துக்குத் தென்சீனத்திலிருந்து வந்தார்கள். கரும்பு, காப்பி, பிறகு ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்தார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், அந்த முறை 1910இல் நின்ற பிறகு கங்காணிகள் வழியாகவும், 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை கப்பல் ஏறினார்கள். இது யாரும் விரும்பி அமைத்த கூட்டுறவு அல்ல. கூலியும் கடனும் கொண்டு வந்து சேர்த்த கூட்டம். ஆனாலும் அந்தக் கூட்டத்துக்குள் சமையல் அறிவு கைமாறியது. தேங்காய்ப்பாலில் எலுமிச்சம்புல்லைக் கொதிக்கவிடும் மலாய்ப் பக்குவத்தைச் சீனர் கற்றார். மல்லியும் சீரகமும் வறுத்து அரைத்த தமிழரின் கறித்தூளை அதில் சேர்த்தார். தம் மீயையும் தோஃபுவையும் அதில் போட்டார். இதில் கவனிக்க வேண்டியது, எந்தச் சமயத்தின் விலக்கும் இந்தக் கைமாற்றத்தைத் தடுக்கவில்லை என்பது. பன்றியை விலக்கிய மலாய்க்காரரிடமிருந்து பன்றி உண்ணும் சீனர் கற்றார். பசுவை உண்ணாத தமிழரின் மசாலாவை வைத்து மலாய்க்காரர் மாட்டிறைச்சிக் குழம்பு வைத்தார். பிறகு அதே கறி மீயைப் பன்றித்தோல் இல்லாமல், ஹலால் கோழியுடன் மலாய் முஸ்லிம் கடைகளும் தமிழ் முஸ்லிம் கடைகளும் ஆக்கி விற்றன. விலக்கு வாய்க்குக் காவலிருந்தது. கைக்கும் கண்ணுக்கும் அது பூட்டுப் போடவில்லை. சமைத்தவரையே தீட்டு என்று கருதும் விலக்காக அது இருந்திருந்தால், அவர் அடுப்பருகே நிற்பதும் அவர் அம்மியில் அரைத்ததை வாங்குவதும் நடந்திருக்காது. கறி மீ பிறந்தே இருக்காது.

விலக்குகள் எப்போதும் சமூக எல்லையோடு ஒட்டியே ஓடுவதும் இல்லை. மலேசியச் சீனரில் கணிசமானோர் மாட்டிறைச்சி உண்பதில்லை; குவான் யின் அம்மனை வணங்குவோரிடம் இது பரவலான நோன்பு. ஆக மாட்டிறைச்சி என்று வந்தால் சீனத்துப் பாட்டியும் தமிழ்ப் பாட்டியும் ஒரு பக்கம். பன்றி என்று வந்தால் முஸ்லிம் தனியே நிற்கிறார், ஆனால் சைவ உணவுக்காரரும் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பல சீனர் புலால் தொடமாட்டார்கள். எல்லாவற்றிலும் குறிப்பிட வேண்டியது ஒன்பது பேரரசர் திருவிழா. சீனர் நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள் வெள்ளை உடுத்திச் சைவம் மட்டும் உண்டு நோன்பிருப்பார்கள். அம்பாங்கிலும் பினாங்கிலும் கோயில் வீதிகளின் கடைகளில் மஞ்சள் கொடி ஏறும். மஞ்சள் கொடி ஏறிய கடையில் புலால் கிடையாது. அங்கே விற்கும் கறி மீயில் பெலாச்சானும் மட்டியும் போய், பூண்டும் வெங்காயமும் போய், கறிவேப்பிலையும் எலுமிச்சம்புல்லும் காளானும் தோஃபுவுமே சுவை தாங்கும். 2024இல் இந்த நோன்பு தொடங்கியது அக்டோபர் 3ஆம் தேதி. தமிழர் வீடுகளில் நவராத்திரி தொடங்கியதும் அதே நாள். இருவரும் அமாவாசையை வைத்தே கணக்கிடுவதால் பல ஆண்டுகளில் இந்த ஒன்பது நாளும் அந்த ஒன்பது இரவும் ஒன்றாக வருகின்றன. புரட்டாசி விரதக்காரத் தமிழர் மஞ்சள் கொடி பார்த்து நம்பி உட்காரும் இடமாகச் சீனர் கடை மாறுகிறது. அவர் ஏன் நம்புகிறார்? தம்மைப் போலவே கடைக்காரரும் எதையோ விட்டிருக்கிறார் என்று அறிந்திருப்பதால். பண்டத்தின் மேல் வைத்த விலக்கு அங்கே இருவரையும் பிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்பதைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். தேச விடுதலைக்குத் தொண்டர்களை வளர்க்க எழுந்த இடம் அது. தமிழ்நாடு முழுவதும் கொதித்தது, வழக்கு காந்திவரை போனது. அந்தச் சண்டையின் மையம் இலையில் விழுந்த பண்டம் அல்ல. எந்தச் சிறுவன் பக்கத்தில் எந்தச் சிறுவன் உட்காரலாம் என்பதுதான். அந்தக் கசப்பைச் சுமந்தே பெரியார் 1925இல் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1929 இறுதியில் மலாயாவுக்குக் கப்பலேறி அங்கிருந்த தமிழரிடமும் சாதியை விடச் சொல்லிப் பேசினார். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையும் இதே வகைதான். அங்கே ஒரே பாலில், ஒரே தூளில், ஒரே பாத்திரத்தில் கொதித்த தேநீர்; குவளை மட்டும் இரண்டு. ஹலால் கடையிலோ பண்டம் வேறு, அதனால் பாத்திரம் வேறு. இந்த வேறுபாட்டைக் கவனித்தால் போதும். எது நோன்பு, எது தீண்டாமை என்று தெரிந்துவிடும். பண்டம் ஒன்றாக இருந்தும் பாத்திரம் இரண்டாக இருந்தால், அங்கே விலக்கப்படுவது மனிதர்.

உடனே ஒரு மறுப்பு வரும். நடைமுறையில் இந்தக் கோடு இவ்வளவு தெளிவாக நிற்பதில்லையே என்பார்கள். பன்றியை விலக்குவதில் தொடங்குகிறது. பிறகு பன்றி வெந்த சட்டி, அந்தச் சட்டியைக் கழுவிய பஞ்சு, அந்தக் கடையின் கிண்ணம் என்று நீள்கிறது. கடைசியில் பக்கத்து வீட்டுச் சீனர் கொடுக்கும் தண்ணீரையும் வாங்கத் தயங்கும் நிலை வருகிறது. பண்டத்தில் பிறந்த விலக்கு ஆளின் மேல் வந்து முடிகிறதே, இதற்கும் சாதித் தீட்டுக்கும் என்ன வேறுபாடு? இது பலமான மறுப்பு. அப்படி நடப்பதும் உண்மை. ஆனால் விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஏழாவது முறை முடிந்ததும் பாத்திரம் தூய்மை. யாருடையதாக இருந்தாலும் தூய்மை. கழுவினால் போகிற அசுத்தம் பண்டத்தின் அசுத்தம். அது கிண்ணத்தோடு முடிகிறது. சாதித் தீட்டுக்கு இப்படி ஓர் ஏழாவது முறை கிடையாது. குளித்தாலும் படித்தாலும் கடல் கடந்தாலும் போகாதது என்று அதைப் பிறப்போடு கட்டி வைத்தார்கள். ஆகவே தண்ணீர்க் குவளையையும் மறுக்கும் முஸ்லிம் தம் சமய விதியைப் பின்பற்றவில்லை. அதைத் தாண்டிப் போகிறார். அவரிடம் அவர் மரபின் சட்டத்தையே காட்டிப் பேசலாம். சாதிக்காரரிடம் அப்படிக் காட்ட அவர் சட்டத்தில் எதுவும் இல்லை. அதனால்தான் அந்தச் சட்டத்தையே தூக்கி எறியச் சொல்ல வேண்டியிருந்தது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்றும் உண்டு. ஹலால் என்பது பண்டத்தை மட்டும் பார்க்கிறதா? அறுப்பவர் யார் என்று பார்க்கிறதே. இறைவன் பெயரைச் சொல்லி அறுக்க வேண்டும் என்பது விதி. மலேசியாவில் அரசின் இஸ்லாமியத் துறையான ஜாக்கிம் வழங்கும் ஹலால் சான்றிதழுக்கு, சமைக்கும் இடத்தில் முஸ்லிம் பணியாளர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அப்படியானால் இங்கேயும் கை அளக்கப்படுகிறது அல்லவா? ஓரளவு ஆம். இதை மழுப்பக் கூடாது. ஆனால் அளக்கப்படுவது எது என்று பார்த்தால், பிறப்பு அல்ல, நம்பிக்கை. வேதம் அருளப்பட்டவர்களான யூதர், கிறிஸ்தவர் உணவைக் குர்ஆன் அனுமதிக்கிறது. ஆகவே அங்கே கேள்வி யாரை வணங்கி அந்த உயிர் எடுக்கப்பட்டது என்பதுதான். நம்பிக்கை ஒருவர் ஏற்கவும் விடவும் கூடியது, பிறப்பு அப்படியல்ல. பணியாளர் நிபந்தனையோ சாட்சிக்காக ஏற்பட்டது: உள்ளே என்ன நடக்கிறது என்று உண்பவர் சார்பில் பார்த்துச் சொல்ல ஓர் ஆள். அந்த அளவில் அது நியாயம். அதே நிபந்தனை, சீனரோ தமிழரோ ஆக்கினாலே சந்தேகம் என்ற மனநிலையாக விரியும்போது, அல்லது தகுதியுள்ள ஒரு சமையல்காரருக்கு வேலை மறுக்கும் சாக்காக மாறும்போது, நான் மேலே கிழித்த கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. கோட்டை ஒட்டி நடப்பவர்கள் அதைத் தாண்டிவிடக்கூடும் என்பது உண்மை. அதனால் கோடே இல்லை என்றாகிவிடாது.

ஒரே பானையில் உண்பதுதான் உண்மையான சமத்துவம் என்று வாதிடுபவர்களுக்கு வருகிறேன். அவர்கள் காட்டும் சிறந்த உதாரணம் சீக்கியர்களின் லங்கர். அரசரும் ஆண்டியும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து ஒரே உணவை உண்ணும் அந்த முறை மனித குலத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. கோலாலம்பூர் குருத்துவாராக்களிலும் அந்தப் பந்தி இன்றும் நடக்கிறது. ஆனால் லங்கரின் பானையில் என்ன இருக்கிறது? பருப்பு, ரொட்டி, காய்கறி. புலால் இல்லை. சீக்கியரில் பலர் வீட்டில் இறைச்சி உண்பவர்கள். இருந்தும் பொதுப் பந்தியில் சைவம் மட்டுமே. யார் வந்தாலும் மனத்தடை இல்லாமல் உண்ண வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆக, அந்த ஒரே பானை பொதுப்பானை ஆனதே, சமைத்தவர்கள் ஒரு விலக்கை ஏற்றுக்கொண்டதால்தான். விலக்கை ஒழித்து வந்த ஒற்றுமை அல்ல அது. பிறர் விலக்கைத் தாமும் சுமந்ததால் வந்தது. பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தின் எட்டாம் அதிகாரமும் இதையே பேசுகிறது. விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியை உண்பதால் தமக்குக் குறையில்லை என்று அவர் நம்பினார். ஆனாலும் அது ஒரு சகோதரனை இடறச் செய்யுமானால் இறைச்சியையே விட்டுவிடத் தயார் என்றார். தம் உரிமையைக் காட்டிலும் அடுத்தவர் மனச்சாட்சிக்கு மதிப்புத் தருகிற இந்த நிலை, எல்லோரும் எல்லாவற்றையும் உண்ணுங்கள் என்பதைவிட உயர்ந்தது என்றே நினைக்கிறேன். மலேசியாவில் இதை வேதம் படித்துத்தான் கற்றார்கள் என்பதில்லை. சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் நடக்கும் திறந்த இல்ல உபசரிப்பில், முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள் என்பதற்காகவே பன்றி உண்ணும் குடும்பங்கள் ஹலால் சமையல்காரரை அமர்த்துகின்றன. மாட்டிறைச்சி உண்ணாத விருந்தாளிக்காக அதை ஒதுக்குகின்றன. ஒரு மூலையில் சைவ மேசை தனியே போடுகின்றன. விருந்தாளியின் விலக்கை விருந்தளிப்பவர் தூக்கிக்கொள்கிறார். மெட்ராஸ் லேன் போன்ற இடங்களில் பன்றித்தோலை மறைக்காமல் கண்ணெதிரே வைத்து விற்பதையும் இதே மரியாதையின் இன்னொரு வடிவமாகவே பார்க்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லி விற்பவர், உண்ணாமல் கடந்து போகிறவரையும் மதிக்கிறார்.

இன்னும் ஒரு மறுப்பு எஞ்சியிருக்கிறது. எல்லாவற்றிலும் கனமானது அதுதான். கொல்லாமையை நம்புபவர் கேட்பார்: நீங்கள் பேசுவதெல்லாம் உண்பவரும் சமைத்தவரும் என்ற இருவரைப் பற்றி. அந்தக் கிண்ணத்தில் கிடக்கும் கோழியும் மட்டியும் பன்றியும் உங்கள் கணக்கில் வரவில்லை. கொலை தவறு என்றால் எல்லோருக்கும் தவறு. அதை என் வாய்க்கு மட்டுமான நோன்பு என்று சுருக்கினால், பக்கத்து மேசையில் நடக்கும் தவறைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்வதாகாதா? இந்தக் கேள்விக்குத் தமிழ் மரபில் வள்ளலாரைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை. மலேசியத் தமிழரிடையேயும் சன்மார்க்கச் சங்கங்கள் அவர் பெயரில் அன்னதானம் நடத்துகின்றன. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. புலால் மறுத்தலில் அவர் சமரசம் செய்தவர் அல்லர். உயிர்க்கொலையும் புலாலுண்ணலும் உடையவர்களைப் புற இனத்தார் என்றே அவர் வகுத்தார். ஆனால் அந்தப் புற இனத்தாருக்கும் பசி வந்தால் பசியைப் போக்க வேண்டும் என்று அவரே விதித்தார். அவர் வகுத்த பிரிவு செயலைப் பற்றியது, சாதியைப் பற்றியது அல்ல. புலாலை விட்ட அன்றே யாரும் அகத்துக்குள் வந்துவிடலாம். இருந்தாலும், ஒரு மனிதரின் உணவை வைத்தே அவரை உள்ளே, வெளியே என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொல்லாமையாளர் வாதிடலாம், எழுதலாம், தம் பந்தியில் புலால் பரிமாற மறுக்கலாம், புலால் சமைக்கும் கடையைத் தவிர்க்கலாம். இவையெல்லாம் செயலை நோக்கியவை. செய்தவரைத் தம்மைவிடத் தாழ்ந்த பிறவி என்று நினைக்கத் தொடங்கும் இடத்தில் உயிரிரக்கம் தன் பெயரை இழந்துவிடுகிறது. கோழிக்கு இரங்கியவர் மனிதருக்கு இரங்காமல் போகிறார். பசி என்று வந்ததும் வள்ளலார் தம் பிரிவை ஒதுக்கி வைத்தது, அந்த ஆபத்தை அவர் உணர்ந்திருந்ததால் என்று கொள்கிறேன். உயிர் காக்க வேறு வழியின்றி உண்பவர் மேல் குற்றமில்லை என்று குர்ஆனும் தன் விலக்குக்கே விலக்கு வைத்திருக்கிறது. உண்மையான சமய விலக்குகள் தம் எல்லையைத் தாமே சொல்லும். உடல் பிழைப்பதற்கு முன்னால் அவை ஒதுங்கி நிற்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, கோடு இன்று எங்கே தாண்டப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது சாப்பாட்டு மேசையில் நடப்பதைவிட வாடகை வீட்டில் அதிகம் நடக்கிறது. கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வீட்டு வாடகை விளம்பரங்களில் எந்த இனத்தவர் வரலாம் என்று வெளிப்படையாகவே குறிப்பிடுவது வழக்கமாக இருக்கிறது. தமிழருக்கு வீடு மறுக்கிறவர்கள் பல நேரம் சொல்லும் காரணம் கறி வாசனை. மதியம் சந்துக்குள் தேடிப் போய் உண்ணும் குழம்பின் அதே மல்லி, அதே கறிவேப்பிலை, ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்பிலிருந்து வந்தால் வீட்டைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். சென்னையிலும் சைவர்களுக்கு மட்டும் என்ற அறிவிப்போடு வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. அங்கே பல நேரம் கேட்கப்படுவது உணவு, எடைபோடப்படுவது சாதியும் மதமும். இந்த இரண்டு இடத்திலும் உணவு ஒரு சாக்கு. தம் வீட்டில் புலால் சமைக்கக் கூடாது என்று எழுதும் உரிமையாளரை என்னால் புரிந்துகொள்ள முடியும். அது பண்டத்தைப் பற்றிய நிபந்தனை, யார் வேண்டுமானாலும் அதற்கு உடன்பட்டுக் குடிவரலாம். இன்ன இனத்தார் வர வேண்டாம் என்பது அப்படியல்ல. வீடு வைத்திருப்பவர்கள் விளம்பரம் கொடுப்பதற்கு முன் அதை ஒருமுறை படித்துப் பாருங்கள். சமையலைப் பற்றி நிபந்தனை இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். ஆட்களின் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.